டியூப் இல்லாத டயருக்குள் காற்று எப்படி நிற்கிறது?

சிங்கப்பூரின் உபின் தீவில், கெத்தாம் மலைச் சைக்கிள் பாதையில் கருங்கல் விளிம்பில் சைக்கிளின் பின்சக்கரம் மோதிப் பஞ்சரானால், டியூபைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அருகருகே இரண்டு ஓட்டைகள் இருக்கும். முள் குத்தி வந்தவை அல்ல. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கியபோது உள்ளே இருந்த டியூபையும் சேர்த்துக் கிள்ளிவிட்டது. இதற்குப் பயந்து காற்றை அதிகமாக அடித்தால் வண்டி வேர்களின் மேல் துள்ளும், மழை பெய்த செம்மண்ணில் பிடிப்பே இருக்காது. குறைத்தால் மறுபடியும் கிள்ளும். இந்த இழுபறியைத் தீர்க்க நல்ல வழி, கிள்ளுவதற்கு உள்ளே டியூபே இல்லாமல் செய்துவிடுவதுதான்.

டியூபோடு 30 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) வரை அடித்துக்கொண்டிருந்த எழுபது கிலோ ஆள், 2.3 அங்குல டயரில் டியூபை எடுத்துவிட்டு முன்னால் 22, பின்னால் 25 என்று தாராளமாக இறக்கலாம். டயர் மண்ணில் பரந்து பதியும். வேரின் மேல் ஏறும்போது ஆளையும் வண்டியையும் தூக்கிப் போடாமல் டயரே வளைந்து வேரை விழுங்கிக்கொள்ளும், அதனால் மிதிக்கிற சக்தியும் வீணாகாது. எடை குறையும் என்று சிலர் சொல்வார்கள், அது பெரிய லாபமில்லை. செஸ்ட்நட் பூங்காவின் வளைவுகளில் கிடைக்கும் பிடிப்புதான் உண்மையான லாபம்.

சரி, டியூப் இல்லாமல் காற்று எப்படி நிற்கிறது? ரிம்மின் குறுக்குவெட்டைப் பார்த்தால் புரியும். நடுவில் ஒரு பள்ளம், இரண்டு ஓரங்களிலும் சற்று உயர்ந்த தட்டையான திண்டு, அதற்கு வெளியே ரிம்மின் சுவர். டயரின் ஓரத்தில் ஓடும் கெட்டியான விளிம்புக்குள் நீளாத கம்பியோ அதற்கு நிகரான வலுவான இழையோ இருக்கிறது. 29 அங்குலச் சக்கரத்தில் அந்த விளிம்பு உட்காரும் திண்டின் விட்டம் 622 மில்லிமீட்டர். விளிம்பு நீளாது, ரிம்மின் சுவரோ அதைவிட உயரம். அப்புறம் டயரை எப்படி மாட்டுவது? விளிம்பின் ஒரு பகுதியை நடுப்பள்ளத்துக்குள் இறக்கினால் எதிர்ப்பக்கம் சில மில்லிமீட்டர் தளர்வு கிடைக்கிறது, அந்தத் தளர்வில்தான் டயர் உள்ளே போகிறது. டயர் மாட்ட வராமல் கை வலிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விளிம்பு பள்ளத்தில் இருக்கிறதா என்பதைத்தான். பெரும்பாலும் அது திண்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

காற்று நிரம்பும்போது இரண்டு விளிம்புகளும் பள்ளத்திலிருந்து மேலேறித் திண்டில் இறுக உட்காருகின்றன. 25 பிஎஸ்ஐயில் டயரின் சுவர், விளிம்பின் ஒவ்வொரு சென்டிமீட்டரையும் ஏறக்குறைய ஐந்து கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்துக்கொண்டிருக்கிறது. தப்பிக்கப் பார்க்கிற காற்றேதான் தன் கதவை அடைக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. திண்டின் உள்ளோரத்தில் ஒரு சின்ன மேடு இருந்தால் விளிம்பு மறுபடி பள்ளத்துக்குள் வழுக்காது. பழைய ரிம்களில் இந்த அமைப்பு இருக்காது, அவற்றை டியூப் இல்லாத முறைக்கு மாற்ற முயலாதீர்கள். ரிம், டயர் இரண்டிலும் ‘டியூப்லெஸ் ரெடி’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சைக்கிள் ரிம் செய்யும் மாவிக் நிறுவனம் 1999இல் யுஎஸ்டி என்ற டியூப் இல்லாத முறையைக் கொண்டுவந்தபோது ரிம்மின் உட்புறத்தில் ஆரக்கம்பித் துளைகளே இல்லாமல் செய்தார்கள். இன்றைய ரிம்கள் பெரும்பாலானவற்றில் துளைகள் உண்டு, அவற்றை டேப் ஒட்டி மூடுகிறோம். வீட்டில் செய்கிறவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இந்த டேப்தான். ரிம்மை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம்கூட இல்லாமல் காயவிடுங்கள். டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால்தான் திண்டையும் மூடி ஓரம்வரை ஏறும். வால்வு துளைக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, நன்றாக இழுத்துப் பிடித்து, கட்டைவிரலால் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே சுற்றி வந்து, தொடங்கிய இடத்தைத் தாண்டி ஒரு சாண் கூடுதலாக ஒட்டுங்கள். பள்ளத்தின் மூலையில் வெள்ளையாக நிற்கும் காற்றுக்குமிழ் ஒவ்வொன்றும் பிறகு கசிகிற வழி. வால்வு துளையைக் கத்தியால் கீறினால் கீறல் நீண்டுகொண்டே போகும், சூடாக்கிய ஊசிமுனையால் வட்டமாகத் துளைப்பது மேல்.

டேப் ஒட்டியதும் சாதாரண டியூபையே போட்டுக் காற்றடித்து ஒரு ராத்திரி விட்டுவிடச் சொல்வேன். டேப் எல்லா இடத்திலும் அழுந்தி ஒட்டும், டயரின் இரண்டு விளிம்புகளும் திண்டில் ஏறிவிடும். மறுநாள் ஒரு பக்க விளிம்பை மட்டும் கழற்றி டியூபை எடுத்துவிட்டு, டியூப்லெஸ் வால்வைப் பொருத்தி, கழற்றிய பக்கத்தை மாட்டுங்கள். இப்போது காற்று கசிய ஒரு பக்கம்தான் பாக்கி. இடைவெளி வழியே வெளியேறுவதைவிட வேகமாகக் காற்று உள்ளே போனால்தான் விளிம்பு மேலேறும், அதற்காகத்தான் வால்வின் உள்கருவைக் கழற்றிவிட்டுப் பாதையை அகலமாக்குகிறோம், விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவுகிறோம். கை பம்பே போதும் பல நேரம். ‘டப்’ என்று பலத்த சத்தம் கேட்கும், வீவக அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் அது எதிரொலிக்கும் என்பதால் ராத்திரி நேரம் வேண்டாம். டயரிலும் ரிம்மிலும் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தை எதற்காகவும் தாண்டாதீர்கள்.

விளிம்பு உட்கார்ந்த பிறகு காற்றை இறக்கிவிட்டு, வால்வு வழியாக ஊசியில்லாத சிரிஞ்சால் ஓட்டைகளை உள்ளிருந்தே அடைக்கும் சீலண்ட் என்ற திரவத்தைச் சுமார் 100 மில்லி விட வேண்டும். இந்த வெள்ளைத் திரவம் பெரும்பாலும் ரப்பர் பால்தான். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. 1888இல் இங்குள்ள தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை உருவாக்கினார். மலாயா தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகளுக்கு அந்தப் பாலின் குணம் அத்துப்படி. அதில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள் ஒரே மின்னூட்டம் கொண்டவை, அதனால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு கலங்கலாகவே இருக்கும். அமோனியா சேர்த்தால் அந்த நிலை நீடிக்கும். ஆலையில் அமிலம் ஊற்றினால் பால் திரிவதுபோலத் திரண்டு கட்டியாகிவிடும்.

டயரில் முள் குத்தும்போது நடப்பதும் இந்தத் திரட்சிதான், அமிலம் மட்டும் இல்லை. காற்று ஓட்டையை நோக்கிப் பாய்ந்து சீலண்டையும் இழுத்துச் செல்கிறது. அதில் கலந்திருக்கும் சற்றுப் பெரிய துணுக்குகள் முதலில் ஓட்டையில் சிக்குகின்றன, அவற்றுக்கிடையே புகும் பால் வேகமாக உரசப்பட்டு, நீரும் அமோனியாவும் பறந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாகின்றன. அழுத்தம் குறைவாக இருந்தால் அடைப்பு பிய்ந்து போகாமல் நிற்கும், மலைச் சைக்கிளுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்துவதற்கு அதுவும் ஒரு காரணம். புது டயரின் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சக்கரத்தைக் குலுக்கி, ஒரு வாளியின் மேல் படுக்கவைத்து, பக்கம் மாற்றி மாற்றி வைத்தால் அவையும் அடைபடும்.

நம் ஊர் வெப்பத்தில் சீலண்ட் சீக்கிரம் காயும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வைத் திறந்து பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள். மிஞ்சியதைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினால் குழாய்க்குள்ளேயே கட்டிவிடும், பழைய துணியில் உறிஞ்சிக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். உபினில் கருங்கல் டயரின் சுவரையே கிழித்துவிட்டால் எந்தச் சீலண்டும் காப்பாற்றாது, பையில் ஒரு டியூப் எப்போதும் இருக்கட்டும். அதைப் போடுவதற்கு முன் டியூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டு, டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சீலண்ட் சத்தமில்லாமல் அடைத்து வைத்திருந்த முட்கள் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும், பிடுங்காமல் விட்டால் புது டியூப் நூறு மீட்டர்கூடத் தாங்காது.