ஃபேக்ட் செக்: உண்மை சரிபார்ப்பா, தகவல் சரிபார்ப்பா?

தொலைக்காட்சியில் இரு வேட்பாளர்கள் நேருக்கு நேர் மோதிய விவாதம் முடிந்த கையோடு, பார்த்தவர்களுக்குள் அடுத்த விவாதம் தொடங்கிவிடுகிறது. "அவர் சொன்ன கணக்கு பொய்யாம், ஃபேக்ட் செக்கில் போட்டிருக்கிறார்கள்" என்கிறார் ஒருவர். "போட்டவர்கள் எந்தக் கட்சி?" என்று கேட்கிறார் மற்றவர். ஒருவருக்கு அது தீர்ப்பு, மற்றவருக்கு எதிர்த்தரப்பின் குரல். இருவருமே அந்தச் சொல்லில் இல்லாத பொருளை அதன்மேல் ஏற்றுகிறார்கள்.

'ஃபேக்ட்' என்பதன் மூலம், 'செய்யப்பட்டது' என்று பொருள்படும் 'ஃபாக்டும்' என்னும் இலத்தீன் சொல். ஆங்கிலத்திலும் அது முதலில் செயலையே குறித்தது, பெரும்பாலும் குற்றச்செயலை. குற்றம் நடந்த பிறகு குற்றவாளிக்குத் துணைபோனவரைச் சுட்டும் 'அக்செசரி ஆஃப்டர் தி ஃபேக்ட்' என்ற ஆங்கிலச் சட்டத் தொடரில் அந்தப் பழைய பொருள் இன்றும் தங்கியிருக்கிறது. 'நடந்தது, உள்ளது' என்ற பொருள் பிறகு வந்தது. 'செக்' வந்த வழி இன்னும் சுவையானது. அரசனைக் குறிக்கும் பாரசீக 'ஷா', சதுரங்கப் பலகை வழியாகப் பிரெஞ்சுக்குப் போய் ஆங்கிலத்தில் நுழைந்தது. அரசனுக்கு வைக்கும் முற்றுகை, தடுத்து நிறுத்துவதாகி, கடைசியில் நிறுத்திச் சோதிப்பதாக மாறியது.

இரண்டும் சேர்ந்து ஒரு வேலையின் பெயரானது அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில்தான். 1923இல் தொடங்கிய 'டைம்' வார இதழ், கட்டுரையில் வரும் பெயர், தேதி, எண் ஆகியவற்றை அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கவே ஆட்களை வைத்திருந்தது. அதாவது, தன் பிழையைத் தானே பிடிக்கும் ஏற்பாடு. அரசியல்வாதி பேசிய பிறகு அவர் பேச்சைச் சோதிப்பது என்ற இன்றைய பொருள் பிற்காலத்தது. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னன்பெர்க் மையம் தொடங்கிய 'ஃபேக்ட்செக்.ஆர்க்' என்ற இணையதளம் அந்தத் திருப்பத்தின் முக்கியமான அடையாளம். 2004 அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தில், அப்போது அந்தப் பதவியில் இருந்த டிக் செனி அதைத் தமக்குச் சான்றாகக் காட்டினார். ஆனால் 'ஆர்க்' என்பதற்குப் பதில் 'காம்' என்று சொல்லிவிட்டதால், தேடிப்போனவர்கள் வேறொரு தளத்தில் போய் நின்றார்கள். முகவரி மட்டுமல்ல, தாங்கள் எழுதியதாக அவர் சொன்னதும் சரியில்லை என்று அந்த அமைப்பே பிறகு விளக்கியது.

தமிழில் 'உண்மை சரிபார்ப்பு' என்று பரவலாக எழுதுகிறோம். 'உண்மை' அருமையான சொல். 'உள்' என்ற வேரில் பிறந்தது, 'இன்மை'க்கு எதிர். உள்ளதாக இருக்கும் தன்மை. 'ஃபேக்ட்' தனியாக வரும்போது இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. தொடராகும்போதுதான் இடறுகிறது. உண்மை என்று தெரிந்துவிட்டால் அதில் சரிபார்க்க என்ன இருக்கிறது? சோதனைக்கு வருவது ஒருவர் சொன்ன கூற்று. 'வாய்மை'யும் ஒத்துவராது. தீமை இல்லாத சொல்லே வாய்மை என்கிறது குறள். அது சொல்பவரின் அறத்தைப் பேசுகிறது, சொன்ன எண்ணின் சரி தவறை அல்ல. 'மெய்' என்று தொடங்கலாமென்றால், 'மெய்ப்பு பார்த்தல்' அச்சுப்பிழை திருத்தும் வேலைக்கு எப்போதோ போய்விட்டது.

ஆகவே 'தகவல் சரிபார்ப்பு' என்றே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தகவல் சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். அந்தச் சொல் முன்கூட்டியே எந்தப் பக்கமும் சாய்வதில்லை. செய்பவர் 'தகவல் சரிபார்ப்பாளர்'.

இந்தச் சொல் தன் எல்லையையும் தானே காட்டிவிடுகிறது. 1976 அக்டோபர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த தேர்தல் விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்றார் அமெரிக்க அதிபர் ஃபோர்டு. கேள்வி கேட்ட செய்தியாளர் நம்ப முடியாமல் மறுபடி கேட்டார். போலந்து மக்கள் தாங்கள் ஆதிக்கத்தில் இருப்பதாகக் கருதுவதாகத் தாம் நம்பவில்லை என்று ஃபோர்டு விடாமல் தொடர்ந்தார். அன்றிரவு பார்வையாளர் பலருக்கு அது பெரிதாகப் படவில்லை. மறுநாள் செய்திகள் அந்த வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் எதிர் வேட்பாளர் கார்ட்டரே விவாதத்தில் வென்றார் என்ற எண்ணம் வலுத்தது. போலந்தில் சோவியத் படை இருந்ததா என்பது தகவல், சரிபார்க்கலாம், இருந்தது. அதிபர் தம் மனத்தில் எதை நம்பினார், மேடையில் வென்றவர் யார் என்பவை தகவல்கள் அல்ல. அவற்றை எந்தச் சரிபார்ப்பாளரிடமும் கேட்க முடியாது.