கூண்டைக் கழுவாமல் கொண்டுவாருங்கள்

பறவைக்கு உடம்பு சரியில்லை, டாக்டரிடம் போகிறோமே என்று கூண்டைத் தேய்த்துக் கழுவி, புதுத் தாள் விரித்துக் கொண்டுவருகிறார்கள். மரியாதைதான். ஆனால் எனக்கு வேண்டியது குப்பையில் போட்ட அந்தப் பழைய தாளும் அதிலிருந்த எச்சமும்.

சென்ற ஆண்டு ஒருவர் ஆறு லவ் பேர்ட்ஸ் கொண்டுவந்தார். நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் பட்ஜரிகர் என்ற ஆஸ்திரேலியக் கிளிதான். அதில் ஒன்று நாள் முழுக்கத் தினை கொறிக்கிறது, ஆனால் நெஞ்செலும்பு கத்தி மாதிரித் துருத்தி நிற்கிறது. பறவை வாங்கிய கடையில் ஏதோ மஞ்சள் நிற ஆன்டிபயாடிக் பொடி கொடுத்து, தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நாள் கலந்தும் பலனில்லை. தண்ணீர் கசந்தால் பறவை குறைவாகத்தான் குடிக்கும். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்?

நல்லவேளை, வரும் வழியிலேயே அது எச்சம் போட்டிருந்தது. அதில் செரிக்காத முழுத் தினை. ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நீள நீளக் குச்சிகள். இதற்கு ரொம்ப காலம் 'மெகாபாக்டீரியா' என்றே பெயர். பெயரை நம்பி ஆன்டிபயாடிக் கொடுத்தவர்கள் உண்டு. உண்மையில் அது பாக்டீரியாவே இல்லை, ஈஸ்ட் வகைப் பூஞ்சை. 2003-இல்தான் அதற்கு மேக்ரோராப்டஸ் என்று முறையான பெயர் வந்தது. எந்த ஆன்டிபயாடிக்கும் அதை அசைக்காது. பூஞ்சைக்கான ஆம்ஃபோடெரிசின் கொடுக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் வீண்.

அதனால்தான் மருந்துக்கு முன் சாம்பிள் என்று பிடிவாதம் பிடிக்கிறேன். பட்ஜரிகரின் எடை 30, 40 கிராம்தான். உடம்பிலுள்ள மொத்த ரத்தமே மூன்று, நான்கு மில்லி. நாயிடம் எடுப்பதுபோல் எடுக்க முடியாது. நல்ல ஆரோக்கியமான பறவையிடமே அதிகபட்சம் 0.3 மில்லி. ஆகவே எச்சத்தையும் பஞ்சுக்குச்சியையும்தான் அதிகம் நம்புகிறோம். மேல் அண்ணத்துப் பிளவிலும் எச்சத்துவாரத்திலும் குச்சியால் ஒற்றி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, கிருமிகளை நிறத்தால் இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் 'கிராம்' சாயம் போட்டால் சில நிமிடத்தில் ஒரு படம் கிடைக்கிறது. கிளி வகைகளின் குடலில் ஊதா நிறமாகத் தெரியும் கிராம் பாசிட்டிவ் கிருமிகள் இருப்பது இயல்பு. சிவப்பாகத் தெரிபவை மிகுந்திருந்தால் சந்தேகம். அப்புறம் கல்ச்சர்: கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்ப்பது. இரண்டு, மூன்று நாள் ஆகும். முந்தின நாளே ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால் தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம்.

வளரவில்லை என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடையவும் முடியாது. கிளமிடியா சிட்டசி என்ற பாக்டீரியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். சாதாரணக் கல்ச்சர் தட்டில் வராது, கிராம் சாயத்திலும் சிக்காது. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைதான் வழி. அதிலும் ஒரு சிக்கல், பறவை இதைத் தினமும் வெளியேற்றாது. ஆகவே மூன்று முதல் ஐந்து நாள் எச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறோம். உறுதியானால் வழக்கமாக 45 நாள் டாக்ஸிசைக்ளின். அந்த நாட்களில் கூண்டிலிருக்கும் கடல் நுரையை (பறவை கொறிக்க வைக்கும் கணவாய் ஓட்டை) எடுத்துவிடுங்கள். அதிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இது மனிதருக்கும் தொற்றும். காய்ந்த எச்சத்தின் தூசு மூச்சில் போனாலே போதும். 1929-30இல் தென்னமெரிக்கக் கிளிகள் வழியாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிப் பலரைக் கொன்ற காய்ச்சல் இதுதான். கூண்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று உங்கள் டாக்டரிடம் போனால் வீட்டில் பறவை இருப்பதைச் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

பறவை நோயை மறைக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் வந்து உட்காரும்போது பல நாள் கடந்திருக்கும். கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 35 கிராம் பறவை 31 ஆனால், 70 கிலோ ஆள் எட்டு கிலோ இளைத்த கணக்கு.

முயல், கினிப்பன்றி வளர்ப்பவர்களுக்கும் ஒன்று. நாய்க்குக் கொடுத்து மிச்சமான அமாக்ஸிசிலினை ஒருவர் முயலுக்குப் புகட்டிவிட்டு வந்தார். இவற்றின் குடலில் செரிமானத்தை நடத்துவதே நல்ல பாக்டீரியாக்கள்தான். அந்த மருந்து அவற்றை அழித்து, நஞ்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவுக்கு இடம் கொடுத்துவிடும். வயிற்றுப்போக்கில் அந்த முயல் இரண்டு நாளில் இறந்தது. என்ன கொடுத்தோம் என்று சொல்ல அவருக்குக் கூச்சம், நான் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் பரவாயில்லை, திட்ட மாட்டேன். அந்த மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள்.