மாநிலச் சட்டம் அனுமதித்தாலும்: கிரீன் கார்டு வைத்திருப்போர் அறிய வேண்டிய அமெரிக்க அரசியல் சாசனம்

குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதற்காக என்னிடம் வந்த இளைஞர் ஒருவர், நான் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கிடையே, கொலராடோவில் வசித்தபோது ஒரு கஞ்சாக் கடையில் ஓராண்டு கணக்கு எழுதியதாகச் சாதாரணமாகச் சொன்னார். அது மாநில அரசின் உரிமம் பெற்ற கடை. சம்பளத்துக்கு முறையாக வரியும் கட்டியிருந்தார். அந்த ஒரு வேலையே விண்ணப்பத்தைக் கெடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது, "மாநிலமே அனுமதித்ததை இன்னொருவர் எப்படிக் குற்றம் என்று சொல்ல முடியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். குடியேற்றச் சட்ட வழக்கறிஞராக நான் பார்க்கும் சிக்கல்களில் பல இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றன.

இந்தியாவில் குற்றவியல் சட்டம் பெரும்பாலும் நாடு முழுமைக்கும் ஒன்றே என்பதால், அங்கிருந்து வருவோர் இங்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவிலோ மாநிலங்களே முந்தியவை. 1787இல் பிலடெல்பியாவில் கூடிய 55 பேராளர்கள் எழுதிய சாசனம், ஃபெடரல் அரசு, அதாவது வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு, எவற்றையெல்லாம் செய்யலாம் என்று பட்டியலிட்டது; அந்த அரசுக்கு வழங்கப்படாமலும் மாநிலங்களுக்கு மறுக்கப்படாமலும் உள்ளவை மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791இல் வந்த பத்தாவது திருத்தம் உறுதி செய்தது. ஆகவே இன்று 50 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சாசனமும் தண்டனைச் சட்டமும் நீதிமன்றங்களும் உண்டு. (நியூயார்க்கில் 'சுப்ரீம் கோர்ட்' என்பது விசாரணை நீதிமன்றத்தின் பெயர். அங்கிருந்து வரும் ஒரு கடிதத்தைப் பார்த்து, வழக்கு வாஷிங்டன் வரை போய்விட்டதாகப் பதறுவோரும் உண்டு.)

ஆனால் இரு சட்டங்களும் மோதினால் ஃபெடரல் சட்டமே மேலானது என்று சாசனத்தின் ஆறாவது பிரிவு சொல்கிறது. கொலராடோ மக்கள் 2012இல் வாக்களித்துக் கஞ்சாவை அனுமதித்தபோது நீங்கியது கொலராடோவின் தடை மட்டுமே. 1970ஆம் ஆண்டின் ஃபெடரல் போதைப்பொருள் சட்டம் அப்படியே நின்றது. இதற்கு முன்பே கலிபோர்னியாவில் ஒரு பெண் மருத்துவத் தேவைக்காக வீட்டில் வளர்த்த ஆறு செடிகளை, மாநிலச் சட்டப்படி அவை செல்லும் என்று உள்ளூர் அதிகாரிகள் கூறிய பிறகும், ஃபெடரல் அதிகாரிகள் பறிமுதல் செய்து அழித்தார்கள். அந்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் இப்படித் தடை செய்ய அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு உரிமை உண்டு என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

அப்படியானால் கடைகள் எப்படித் திறந்திருக்கின்றன? ஃபெடரல் சட்டத்தை நடைமுறைப்படுத்தும்படி மாநில, உள்ளூர் அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த வாஷிங்டனுக்கு அதிகாரம் இல்லை என்று 1997இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஃபெடரல் அதிகாரிகளும் எல்லாக் கடைகளையும் தேடிப் போவதில்லை. கடை திறந்திருப்பதைக் கண்டு அது குற்றமில்லை என்று முடிவு செய்வதில்தான் தவறு நேர்கிறது.

குடியேற்றமும் குடியுரிமையும் முழுக்க ஃபெடரல் அரசின் கையில் உள்ளவை. விண்ணப்பதாரர் நன்னடத்தை உடையவரா என்று பார்க்கும் அதிகாரி, ஃபெடரல் சட்டத்தையே அளவுகோலாகக் கொள்வார். மாநிலம் அனுமதித்த கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதும் இதில் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வெளிப்படையாகவே அறிவித்தது. தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. குற்றத்தைச் செய்ததாக உரிய முறையில் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலமே போதும். சொந்தப் பயன்பாட்டுக்கு 30 கிராமுக்கு மேற்படாமல் வைத்திருந்த ஒரே ஒரு குற்றத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

இதைவிடக் கொடிய பொறி மாநில நீதிமன்றங்களில் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் காலத்தை முடித்தால் வழக்கைத் தள்ளுபடி செய்து பதிவையும் நீக்குவார்கள். வழக்கு முடிந்தது என்று குற்றம் சாட்டப்பட்டவரும் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் குடியேற்றச் சட்டத்தில் 1996இல் சேர்ந்த வரையறையின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு நீதிபதி எந்தக் கட்டுப்பாட்டையாவது விதித்திருந்தால் அது தண்டனைத் தீர்ப்புதான். மாநிலம் பதிவை அழித்தாலும் பொதுவாக அது அழியாது. நாற்பதாண்டுகளுக்கு மேல் அமெரிக்காவில் வாழ்ந்த பாடிலா என்ற லாரி ஓட்டுநர், "நாடுகடத்தலைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்று தம் வழக்கறிஞர் சொன்னதை நம்பிக் கென்டக்கியில் கஞ்சாக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிக்கினார். அந்த வழக்கில்தான், குடியுரிமை இல்லாத கட்சிக்காரருக்கு இந்த விளைவைச் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் உதவியை உறுதி செய்யும் சாசனத்தின் ஆறாவது திருத்தத்தின் அடிப்படையில் 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கடையில் பொருள் திருடியதாகச் சிறு வழக்கு வந்தாலும், எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

என்னிடம் வந்த இளைஞருக்கு, அந்த வேலையை விட்ட நாளிலிருந்து, நன்னடத்தைக்காகப் பார்க்கப்படும் ஐந்தாண்டுகள் கழிந்த பிறகு விண்ணப்பிக்கவும், இடையில் வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் என்னைக் கேட்கவும் சொல்லியிருக்கிறேன். பெற்றோருக்குக் கிரீன் கார்டு கோரும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே உண்டு என்பதால், ஊரில் இருக்கும் அவருடைய அம்மாவின் வருகையும் அதுவரை தள்ளிப்போகிறது.