போர்த்தந்திரக் கலாச்சாரமா, போர்ச்சிந்தனை மரபா?

அக்கா மகன் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறான். போன வாரம் ஒரு தமிழ்க் கையேட்டைக் கொண்டுவந்து நீட்டினான். 'நாடுகளின் போர்த்தந்திரக் கலாச்சாரம்' என்று தலைப்பு. அதன் ஓரத்தில் பென்சிலால் 'போரில் ஏமாற்றும் பழக்கம்' என்று பொருள் எழுதியிருந்தான். "சரிதானே மாமா?" என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை. அந்தச் சொல்லைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

'ஸ்ட்ரேடஜிக் கல்ச்சர்' என்பதன் மொழிபெயர்ப்பு இது. போரைப் பற்றி ஒரு நாடு வழிவழியாக யோசித்துவரும் விதத்துக்குப் பெயர் அது. கிரேக்கத்தில் 'ஸ்ட்ராட்டோஸ்' என்றால் படை, 'ஸ்ட்ராடேகோஸ்' என்றால் படைத்தலைவன். அங்கிருந்து வந்ததுதான் ஸ்ட்ரேடஜி. இந்த முழுத் தொடரையும் 1977இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்துக்கு எழுதிய ஓர் அறிக்கை வழியாக ஜாக் ஸ்னைடர் என்ற அமெரிக்க ஆய்வாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அணுகுண்டுப் போரையும் அளவோடு நடத்தி, நடுவில் நிறுத்திப் பேரம் பேசலாம் என்று அமெரிக்க வல்லுநர்கள் கணக்குப் போட்டார்கள். மாஸ்கோவும் அதே கணக்கைத்தான் போடும் என்று நம்பினார்கள். ஸ்னைடர் அதை மறுத்தார். சோவியத் தளபதிகள் வேறு வரலாற்றில், வேறு அமைப்பில் வளர்ந்தவர்கள். அவர்கள் யோசிக்கும் விதமே வேறாக இருக்கும் என்றார்.

துல்லியமாகக் குறிபார்த்துத் தாக்கும் ஆயுதங்களின் கதையைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். அந்த ஆயுதங்களைச் செய்வதில் முந்தியது அமெரிக்கா. ஆனால் அவை போரின் இயல்பையே மாற்றப் போகின்றன என்று முதலில் எழுதியவர்கள் சோவியத் தளபதிகள். மார்ஷல் ஒகார்கோவ் 1980களின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிட்டார், இத்தனைக்கும் அவர்களிடம் அந்த அளவுக்குத் தொழில்நுட்பம் இல்லை. இஸ்ரேல் கோட்பாடு எதுவும் எழுதவில்லை. 1982 ஜூனில் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் ஆளில்லா விமானங்களை முன்னால் அனுப்பி, சிரியாவின் ரேடார்களை விழிக்கவைத்து, ஏவுகணைத் தளங்களை நொறுக்கியது. ஒரு நாடு செய்து வைத்தது, ஒன்று எழுதிப் பார்த்தது, ஒன்று களத்தில் இறக்கிவிட்டது.

பெக்காவில் ரேடாரை ஏமாற்றினார்களே, அதைத் தந்திரம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு நாள் வேலை. ஏட்டில் எழுதுவதற்கு முன்பே களத்தில் செய்து பார்க்கும் பழக்கம் அந்தப் படைக்கு எங்கிருந்து வந்தது என்பதல்லவா இந்தத் தொடர் கேட்கும் கேள்வி? அதையும் தந்திரம் என்று சொன்னால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போகும்.

தந்திரம் என்ற சொல்லுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் உண்டு. வடமொழியில் அதற்கு நூல், முறை என்று பொருள் என்பார்கள். நன்னூல் தந்திர உத்தி என்று சொல்கிறதே என்பார்கள். பழைய வழக்கில் படை என்றும் பொருள் உண்டு என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இன்றைக்கு நரிதான் தந்திரசாலி. "தந்திரமா பேசுறான்" என்று ஒருவனைச் சொன்னால் அது பாராட்டு இல்லை. படிப்பவன் நிகண்டைக் கையில் வைத்துக்கொண்டா படிப்பான்? இடதுசாரி நூல்களில் ஸ்ட்ரேடஜிக்குப் போர்த்தந்திரம், டாக்டிக்ஸுக்குச் செயல்தந்திரம் என்று இணையாகப் புழங்கிய சொற்கள் இவை. அங்கே ஒன்றுக்கு எதிரே மற்றொன்று நின்றதால் பொருள் பிடிபட்டது. தனியாகப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் நிற்காது.

தொலைக்காட்சிக்காரர்களுக்கு எல்லாமே வியூகம். தேர்தல் வியூகம், வர்த்தக வியூகம். வியூகம் என்பது களத்தில் படையை நிறுத்தும் ஒழுங்கு. சக்கர வியூகத்தை ஒரு நாள் போருக்கு வகுத்தார்கள், மறுநாள் வேறு வியூகம். தலைமுறை தலைமுறையாக வருகிற சிந்தனைக்கு அந்தப் பெயரை எப்படி வைப்பது? ஸ்ட்ரேடஜிக்கு இலங்கையில் புழங்கும் மூலோபாயம் இவற்றைவிட எவ்வளவோ மேல், பொருள் பிசகாது. ஆனால் இங்கே அதைக் கேட்பவர் உபாயத்தைப் பிரித்துப் பார்க்கவே ஒரு நிமிடம் திணறுகிறார்.

நான் 'போர்ச்சிந்தனை மரபு' என்று சொல்வேன். கலாச்சாரம் என்றதும் நம்மவர்களுக்குச் சேலையும் திருவிழாவும் நினைவுக்கு வருகின்றன. வழிவழியாக வந்து படிந்த பழக்கத்துக்கு மரபு என்ற சொல் தொல்காப்பிய காலத்திலிருந்தே இருக்கிறது. 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்' என்று எடைபோடச் சொன்ன குறள் உள்ள மொழியில், அப்படி எடைபோடும் பழக்கத்தைச் சொல்ல ஒரு தெளிவான சொல் கிடைக்காதா? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டவைத்துவிட்டுப் போகிறார்கள். தான் எழுதிய வரியை வாய்விட்டு ஒரு முறை படித்துப் பார்க்கும் மொழிபெயர்ப்பாளர் குறைந்துவிட்டார். அதைப் படித்துத் தேர்வு எழுதப் போகிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அவனுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொன்னேன். 1998 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு வெடித்துச் சோதித்தன. அப்புறம் இந்தியா, அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்றது, 2003இல் அதைக் கொள்கையாகவே அறிவித்தது. பாகிஸ்தான் அப்படி வாக்குக் கொடுக்க மறுத்துவிட்டது. "இரண்டு நாட்டுப் போர்ச்சிந்தனை மரபும் வேறு, அப்படித்தானே மாமா?" என்று கேட்டுவிட்டு, ரப்பரை எடுத்துப் பென்சில் குறிப்பை அழித்தான்.