போனட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலை பேசலாம்

ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்காலுக்கெல்லாம் காரிமங்கலத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். மச்சானுக்குப் பாலக்கோட்டில் சின்னதாக ஒரு செல்போன் கடை. கையில் ஒன்றரை லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. வீட்டில் நாலு பேரும் மழையில் நனையாமல் தருமபுரி வரை போய்வர ஒரு பழைய கார் வேண்டும், அவ்வளவுதான். புரோக்கர் சிரித்த முகமாக வந்தார். "நேத்து சாயங்காலம் நிறுத்துனதுங்க, இன்னும் எடுக்கவே இல்ல." வண்டி பளபளவென்றுதான் இருந்தது. நான் போனட் மேல் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுவென்றிருந்தது. பக்கத்தில் நின்ற பைக் சீட்டில் பனித்துளி கலையாமல் கிடக்க, இந்தத் தகரம் மட்டும் எப்படிச் சூடாக இருக்கும்?

பனிக்காலத்தில் விடியற்காலை எழுந்து ஒருத்தர் என்ஜினைச் சூடாக்கி வைக்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். பழைய என்ஜின் தன் நோயைக் காட்டுவது குளிர்ந்திருக்கும்போதுதான். சூடேறிய பிறகு பாதி நோய் மறைந்துவிடும். அது ஏன் என்று தெரிந்துகொண்டால் பழைய வண்டி பார்ப்பதில் பெரும்பகுதி கைக்கு வந்த மாதிரி.

பிஸ்டன் அலுமினியம். அது மேலும் கீழும் ஓடுகிற சிலிண்டரின் உட்சுவர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி அதிகம், சூடேறினால் குறைவு. புது என்ஜினில் இந்த இடைவெளி தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. ஒரு லட்சம் கிலோமீட்டர் தேய்ந்த என்ஜினில் அது கூடியிருக்கும், காலையில் செல்ஃப் அடித்ததும் பிஸ்டன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து டக் டக்கென்று தட்டும். ஐந்து நிமிஷம் ஓடினால் அலுமினியம் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும், சத்தமும் போய்விடும். இதோடு, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் கீழே வடிந்திருக்கும், பேட்டரியும் குளிரில் சோர்ந்திருக்கும், இத்தனையையும் மீறி அது எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் பரீட்சை. ஆயில் மேலே ஏறுகிற முதல் ஓரிரு நொடி லேசாகச் சத்தம் வந்தால் பரவாயில்லை. நின்றபாடில்லாமல் அடியிலிருந்து கனமாகத் தட்டினால் விலைகூடக் கேட்காமல் வந்துவிடுங்கள், என்ஜின் வேலை செய்கிற செலவில் இன்னொரு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.

அப்புறம் சைலன்சர். காலையில் வெள்ளையாக ஆவி வந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் வெளியே போகிறது, நம்ப முடியாது, ஆனால் கணக்கு அதுதான். சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது அது வெண்ணிற ஆவியாகத் தெரியும், சொட்டவும் செய்யும். குழாய் சூடானதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அரை மணி நேரம் ஓடிய பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால் அது வேறு கதை, என்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறது, சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அது சென்சார், இன்ஜெக்டர் கோளாறாக இருக்கும், பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. பயப்பட வேண்டியது நீலத்துக்குத்தான்.

அந்த நீலத்திலும் இரண்டு வகை உண்டு. பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் ரிங் தேய்ந்திருந்தால் சுமை ஏறும்போதெல்லாம் புகை தள்ளும். எரிந்த வாயுவும் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பார்த்தால் குக்கர் விசில் மாதிரி புஸ்புஸ்ஸென்று காற்று அடிக்கும் (முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், சூடான ஆயில் தெறிக்கும்). இன்னொரு வகை, வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் காய்ந்துபோவது. ராத்திரியில் ஆயில் சொட்டுச் சொட்டாக அந்த வழியாக இறங்கித் தேங்கும், காலையில் கிளப்பியதும் நீலமாக ஒரு குப்பென்ற புகை, அப்புறம் சுத்தமாகிவிடும். காரிமங்கலத்து வண்டி அந்த ரகம் என்று பிறகு தெரிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் மறுநாள் காலை ஐந்தரைக்குப் போய் நின்றோம், புரோக்கர் லுங்கியோடு வந்து வேண்டா வெறுப்பாகச் சாவியைத் திருப்பினார், வாசலில் போட்டிருந்த கோலமே ஒரு நொடி மறைந்துவிட்டது.

இனி தண்ணீர் சமாச்சாரம். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இது முக்கியம். இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. காருக்கு ஃப்ளோரைடு பிரச்சினை இல்லை, கூடவே இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் பிரச்சினை. வெந்நீர் போடுகிற அண்டாவின் உள்ளே வெள்ளையாகப் படிந்து சுரண்டினால் பொறுக்காக வருமே, அதேதான். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சூடேறும்போது கார்பனேட்டாக மாறி, கரையாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். "கூலன்ட் எதுக்கு, ரெண்டு சொம்பு போர் தண்ணி ஊத்து" என்று பத்து வருஷம் ஓட்டிய வண்டியின் ரேடியேட்டருக்குள் இதே கதை நடந்திருக்கும். ரேடியேட்டர் என்பது ஒல்லியான குழாய்களின் அடுக்கு. உள்ளே கொஞ்சம் சுண்ணாம்பு படிந்தால் போதும், சூடு வெளியே போக வழியில்லை. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. சித்திரை வெயிலில், ஏசியைப் போட்டுக்கொண்டு, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு சுமார் 400 மீட்டர் உயரம் ஏறும்போது என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடும்.

ரேடியேட்டர் மூடியும் சாதாரண மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120-ஐ நெருங்கும் வரை தாங்கும். சூடான வண்டியில் அதைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பீய்ச்சும். ஆகவே இதையும் குளிர்ந்த வண்டியில்தான் பார்க்க வேண்டும். திறந்து உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், பச்சையோ சிவப்போ கூலன்ட் நிறம் இருந்தால் நல்லது. துருத் தண்ணீர், வெள்ளைப் பொறுக்கு என்றால் விலையில் ரேடியேட்டர் காசைக் கழிக்கச் சொல்லலாம். ஆயில் மிதந்தால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் விட்ட டீ நிறத்தில் பிசுபிசுவென்றிருந்தாலும் அதே சந்தேகம்தான். எப்போதாவது கொஞ்ச தூரம் மட்டும் ஓடுகிற வண்டியிலும் ஆவி குளிர்ந்து அப்படி லேசாகப் படியும் என்பதால், ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

குளிர் பரீட்சை முடிந்ததா, அடுத்தது மேடு பள்ளம். நமக்கு அதற்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எடுத்ததும் தொப்பூர் கணவாய்க்கு ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள், முன்பின் தெரியாத பிரேக்கை சோதித்துப் பார்க்கிற இடமா அது? காலி ரோட்டில் பிரேக்கைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு சாதாரண ஏற்றம் போதும். நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. என்ஜினும் கியர்பாக்ஸ் தண்டும் கிளட்ச் தட்டின் உராய்வால் மட்டுமே சேர்ந்து சுற்றுகின்றன. தட்டு தேய்ந்தால் அந்தப் பிடி தளர்ந்து, சக்தியெல்லாம் சூடாகப் போய்விடும், கருகின வாடையும் வரும்.

இறங்கும்போதுதான் வேடிக்கை. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குங்கள். காற்று உள்ளே போகும் வழி மூடிக்கிடக்க, பிஸ்டன்கள் மட்டும் வேகமாக இழுத்துக்கொண்டிருக்கும். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றில் கால் பங்கு அளவுக்குக்கூட இறங்கிவிடும். அந்த உறிஞ்சல் வால்வு சீல் வழியாக ஆயிலை இழுக்கும். இறக்கம் முடிந்து மறுபடி மிதித்ததும் பின்கண்ணாடியில் பாருங்கள், நீலப் புகை குப்பென்று வந்தால் சீல் போய்விட்டது. காலையில் சூடாக்கி வைத்து மறைத்த நோயை இந்த இறக்கம் வெளியே இழுத்துவிடும்.

இதை நியூட்ரலில் செய்தால் ஒன்றும் தெரியாது. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குகிற பழக்கம் நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு உண்டு. இன்ஜெக்டர் வைத்த வண்டி கியரில் இறங்கும்போது பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும், சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும். அது போகட்டும், ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள சின்ன கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 10 லட்சம் ஜூல் ஆற்றல் எங்கேயாவது போக வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக்கூடிய சூடு அது. கியரில் இருந்தால் அதில் ஒரு பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும், நியூட்ரலில் கிட்டத்தட்ட முழுதும் பிரேக் தலையில்தான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சுகிற சரக்கு. புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது டாட் 3 வகைக்கு விதி. ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. பழைய வண்டி வாங்கிய வாரமே பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான்.

மற்றதெல்லாம் கண்ணால் பார்ப்பதுதான். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மீட்டர் 30,000 காட்டுகிறது, டயர் ஏற்கெனவே மாற்றியிருக்கிறது என்றால் மீட்டரை நம்பலாமா என்று நீங்களே யோசியுங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவு, மட்கார்டு எல்லாம் வைத்துப் பார்த்தால், பட்டி அடித்த இடத்தில் ஒட்டாமல் நழுவும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேறு பிடித்த கோடு தெரிந்தால் தண்ணீரில் மூழ்கிய வண்டி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் வெள்ளம் வண்டிகளை அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தோமே. "கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தாங்க எடுத்தோம்" என்று ஒருத்தர் சொன்ன வண்டியில் டிக்கி மேட்டைத் தூக்கினால் காய்ந்த தக்காளி விதை. ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு எத்தனை நடை போனதோ, பின்பக்க ஸ்பிரிங் தொங்கியே கிடந்தது.

பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் கே.ஏ. நம்பர் (கர்நாடகப் பதிவு) வண்டி மலிவாகக் கண்ணில் படும். அந்த மாநிலத்தில் வாங்க வேண்டிய தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), இங்கே மறுபதிவு, வரி எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பல சமயம் கரைந்துவிடும். சொந்த வண்டியின் பதிவு 15 வருஷம்தான், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், எனவே 14 வருஷ வண்டி சல்லிசாகக் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

எந்த வண்டி என்று கேட்டால், இந்த பட்ஜெட்டில் என் ஓட்டு எப்போதும் பெட்ரோல் ஆல்டோ, வேகன் ஆர் மாதிரி ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற வண்டிகளுக்குத்தான். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைப்பது 796 சிசி ஆல்டோவில் டைமிங் பெல்ட், 2010-இல் வந்த கே10-இல் செயின். பெல்ட் ரப்பர் என்பதால் வண்டி ஓடாமல் நின்றாலும் வயதாகும். எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு காட்ட முடியாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

மச்சான் கடைசியில் வாங்கியது பென்னாகரம் ரோட்டில் ஒரு வாத்தியாருடைய வண்டி. பெயிண்ட் மங்கல், ஒரு கதவில் நெளிசல், ஆனால் காலை ஆறு மணிக்கு போனட் சில்லென்றிருந்தது, முதல் செல்ஃபிலேயே கிளம்பியது, புகையில் நீலம் இல்லை. ஏற்றத்தில் கிளட்ச் கொஞ்சம் வழுக்கியதால் எட்டாயிரம் குறைத்துக் கொடுத்தார். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கூலன்ட் ஊற்றி ஓட்டுகிறான். அவங்க அப்பா மட்டும் இன்னமும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு சொம்பு போர் தண்ணீரோடு வண்டிக்கு முன்னால் வந்து நிற்கிறார்.