இறக்கை நுனிக்குக் கண் நாம்தான்

களியக்காவிளை, பாறசாலைப் பக்கமிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வேலைக்கு வருகிற நம் பையன்கள் நிறைய. ஏப்ரனில், அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தில், இறங்கும் முன் இவர்களைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் எஞ்சினைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதுதான். ஆனால் இறக்கை நுனியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அதை விமானி பார்த்துக்கொள்வார் என்று நினைப்பு.

அவருக்கு அது தெரியாது. பெரிய விமானங்களில் காக்பிட்டில் இருந்து நுனி கண்ணிலேயே படாது. சிறிய ஜெட்டில் கழுத்தைத் திருப்பினால் ஓரளவு தெரியலாம், இடைவெளி எத்தனை அடி என்று சொல்ல முடியாது.

போயிங் 737-800க்கு நுனிக்கு நுனி கிட்டத்தட்ட 36 மீட்டர். இந்த ரகம் ‘பே’யில், அதாவது தனக்கென்று குறித்த நிறுத்துமிடத்தில், நிற்க வரும்போது பக்கத்துப் பொருளுக்கும் அதற்கும் குறைந்தது 4.5 மீட்டர் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 777 போன்றவற்றுக்கு 7.5. தாராளமாகத்தான் தோன்றும். வண்டிகள் தாண்டக் கூடாத சிவப்புக் கோட்டைத் தாண்டி இரண்டு டாலியை (சாமான் ஏற்றும் இழுவண்டியை) நிறுத்திப் பாருங்கள், அப்புறம் தெரியும். அதோடு, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை திருப்பத்தில் நேராகப் போவதைப் போல நடந்துகொள்ளாது. வெளிப்பக்க நுனி நாம் எதிர்பார்ப்பதைவிட அகலமாக வீசிக்கொண்டு வரும். நேர்க்கோட்டில் தப்பித்த படிக்கட்டு வண்டி வளைவில் மாட்டுவது இதனால்தான்.

2024 மார்ச்சில் கொல்கத்தாவில், ஓடுபாதைக்குள் நுழையக் காத்து நின்ற ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கையை இண்டிகோ விமானத்தின் இறக்கை உரசியது. இரண்டிலும் பயணிகள். 2018 நவம்பரில் டெல்லியிலிருந்து ஸ்டாக்ஹோம் போன ஏர் இந்தியா விமானம் முனையக் கட்டடத்திலேயே இறக்கையை இடித்தது. கட்டடம் என்ன, திடீரென்று குறுக்கே வந்ததா?

நம் பக்கத்தில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, ஒரு தனித் தொல்லை. ராத்திரியில் தரையில் தேங்கிய தண்ணீரில் ஃப்ளட்லைட் பளபளக்க, சிவப்புக் கோடு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கடல் காற்று வேறு. காலி டாலியின் இழுகம்பியைத் தூக்கி நிறுத்தினால்தான் பல டாலிகளில் பிரேக் பிடிக்கும். அவசரத்தில் கீழே போட்டுவிட்டுப் போனால் அது தானாக உருண்டு ‘பே’க்குள் வந்து நிற்கும். பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் நாளில் விமானங்களை நிறுத்தி வழிவிடுகிறோம். ஒரு டாலிக்கு அந்த மரியாதை தேவையில்லை, இழுத்து ஓரமாக விட்டால் போதும்.

விமானிக்குச் சைகை காட்டி வழிநடத்தும் மார்ஷலர் முன்னால் நிற்கிறார். அங்கிருந்து பார்த்தால் நுனிக்கும் தடைக்கும் உள்ள தூரம் ஏமாற்றும். இறக்கை நுனியைக் கவனிக்கும் விங் வாக்கர் நுனிக்கு நேராக, மார்ஷலரின் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். இதில்தான் நம் பையன்கள் தயங்குகிறார்கள். “அண்ணே, நெருக்கமா இருக்கே” என்று வாயால் சொல்கிறார்கள். எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கையிலுள்ள இரண்டு சைகைக் கோலையும் தலைக்கு மேல் சட்டென்று குறுக்காகக் காட்டுங்கள். கேப்டனை நிறுத்தச் சொல்ல நான் யார் என்ற கூச்சம் வேண்டாம். சூப்பர்வைசர் திட்டுவாரே என்றும் கேட்கிறார்கள். திட்டட்டும். தாமதத்துக்கு ஒரு தாளில் விளக்கம் எழுதினால் முடிந்தது. நுனி நசுங்கினால் அந்த விமானம் அன்றைக்குப் பறக்காது, உள்ளே இருக்கும் வளைகுடாப் பயணிகளை எங்கே தங்க வைப்பது?

இன்னொன்று. விமானம் நகர்ந்துகொண்டிருக்கும்போது டாலியை இழுக்க ஓடாதீர்கள். முதலில் நிற்கட்டும். மார்ஷலர் அனுமதித்த பிறகுதான் தடையை எடுக்க வேண்டும். எடுக்க முடியாத இடமென்றால் எஞ்சினை அணைக்கச் சொல்லி, டிராக்டர் வைத்து விமானத்தை ‘பே’க்கு இழுத்து வரலாம்.