பெரிய துப்பாக்கி வாங்கினா குறி தப்பாதுன்னு யார் சொன்னாங்க?

போன செவ்வாய்க்கிழமை காலையில பொள்ளாச்சி பக்கத்துல இருந்து ஒரு அப்பாவும் பையனும் நான் சொல்லிக் கொடுக்கிற துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வந்தாங்க. பையனுக்கு 14 வயசு. தோள்ல நீளமா ஒரு பை, திறந்து பார்த்தா பாயிண்ட் 22 ஏர் ரைஃபிள் (காத்து அழுத்தத்துல சுடறது), அதாவது குழல் 5.5 மில்லிமீட்டர், யார்கிட்டயோ செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, போதாக்குறைக்கு உள்ள இருந்த ஸ்பிரிங்கை எடுத்துட்டு லேத் பட்டறையில சொல்லி இன்னும் முரட்டு ஸ்பிரிங்கா போட்டு வச்சிருக்காங்க. "பையன் ஸ்டேட் லெவல் ஆடணும்ங்க சார், அதான் சின்னது எதுக்குன்னு பெரிய துப்பாக்கியாவே எடுத்துட்டேன்"னு அவர் சந்தோஷமா சொல்றாரு. எனக்கு அடிவயித்துல என்னவோ பண்ணுச்சு. இந்த வருஷம் இதே பேச்சோட என்கிட்ட வர்ற நாலாவது குடும்பம் இது. மூணாவது குடும்பத்துக்கு என்ன ஆச்சுன்னு கீழ சொல்றேன், அதனாலதான் இதை எழுத உக்கார்ந்தேன்.

முதல்ல லைசென்ஸ் விஷயம், ஏன்னா யாரும் இதை அவங்களுக்கு சொல்றதே இல்ல. 2016 ஆயுத விதிகள்படி குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேல இருந்தாலோ, குண்டோட வேகசக்தி 20 ஜூலுக்கு மேல போனாலோ அந்த ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேணும். ரெண்டுல ஒண்ணு தாண்டினாலே போதும். "ஏர் கன்னுக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம்ங்க, பொம்மை மாதிரிதான்"னு வித்தவர் சொல்லியிருக்காரு, இவரும் நம்பிட்டாரு. அந்த ரைஃபிளை நான் ரேஞ்சுல சுட விடல, பையிலயே வைக்க சொல்லிட்டேன்.

சரி, இப்ப எனக்கு உயிரை வாங்குற விஷயத்துக்கு வர்றேன். பெரிய குண்டு, பெரிய பவர், அதனால குறி நல்லா விழும்ங்கிற நம்பிக்கை. இது எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. ஒலிம்பிக்ல 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஆடுறாங்க இல்ல, 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் அடிச்சது, நம்ம கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 ரியோ உலகக் கோப்பையில தங்கம் அடிச்சது, எல்லாமே 4.5 மில்லிமீட்டர்தான், போட்டியில வேற சைஸ் போடவே கூடாது. அந்த பெல்லட், அதாவது ஈயக் குண்டு, அரை கிராம் சொச்சம், நொடிக்கு 170 மீட்டர் வாக்குல போகும், கணக்கு போட்டா 8 ஜூல் கூட வராது. அந்த 8 ஜூலை வச்சுத்தான் அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்கிறாங்க. ஆமாங்க, டார்கெட்டோட நடுவுல இருக்கிற பத்து அவ்வளவுதான் இருக்கும், பேனா முனையில வச்ச புள்ளி. 75 நிமிஷத்துல 60 ஷாட், உலக அளவுல ஃபைனல் போகணும்னா 630 வாக்குல வரணும், அதாவது ஒவ்வொரு ஷாட்டும் சராசரி 10.5, பத்துக்குள்ள எவ்வளவு நடுவுலன்னு தசமத்துலயும் கணக்கு உண்டு. பவர்தான் குறின்னா இவங்க எல்லாரும் பீரங்கி தூக்கிட்டு வந்திருக்க மாட்டாங்களா?

பையன் வீட்ல சுட்ட டார்கெட் கார்டுகளை அவர் பத்திரமா ஃபைல் போட்டு கொண்டு வந்திருந்தாரு. நான் ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு காட்டினேன். 10 மீட்டர்ல அஞ்சு ஷாட், ஒண்ணு மேல இடது மூலையில, ரெண்டு கீழ, ஒண்ணு கறுப்புக்கு வெளிய, ஒண்ணு கார்டுலயே இல்ல. ஓட்டையெல்லாம் கிழிஞ்சு பிஞ்சு இருக்கு. அப்புறம் கிளப்போட மேட்ச் ரைஃபிளை, போட்டிக்குன்னே செஞ்சதை, சாண்ட் பேக் மேல வச்சு அவனை உக்கார வச்சு சுட சொன்னேன். அதுக்கு முன்னாடி அவன் அதைத் தொட்டதே இல்ல. அஞ்சு ஷாட்டும் சட்டை பட்டனால மறைச்சிடலாம், அவ்வளவு நெருக்கம். கார்டை இழுத்துப் பார்த்துட்டு பையன் என்னைப் பார்த்தான், அவங்க அப்பா கார்டையே பார்த்துட்டு நின்னாரு.

ஏன் அப்படின்னா, ஸ்பிரிங் ரைஃபிள்ல டிரிகரை அழுத்தினதும் உள்ள கனமான பிஸ்டன் முன்னாடி பாயும், ரைஃபிள் பின்னாடி உதைக்கும், பிஸ்டன் கோடியில போய் முட்டி நிக்கறப்ப ரைஃபிள் திரும்ப முன்னாடி குதிக்கும், இந்த ஆட்டம் நடக்கறப்ப பெல்லட் இன்னும் பேரலை விட்டு வெளிய போயிருக்காது. அதனால ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, இடது உள்ளங்கையில சும்மா உக்கார வச்ச மாதிரி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதே இடத்துல அதே அழுத்தத்துல இருக்கணும். நீங்க முரட்டு ஸ்பிரிங் போட்டா இந்த உதை இன்னும் கூடும், குறி இன்னும் கெடும், நல்ல ஸ்கோப்பே லூசாயிடும்.

இதுல எண்ணெய் வேற. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், கையில கிடைச்சதை பிஸ்டன் பக்கம் ஊத்திட்டு சுட்டா பட்டுன்னு பெரிய சத்தம் வரும், குழல்ல புகை வரும், உடனே பவர் ஏறிடுச்சுன்னு குதிக்கிறாங்க. அது உள்ள எண்ணெய் பத்தி எரியுதுங்க. ஒரு ஷாட் ஒரு வேகத்துல போகும், அடுத்தது வேற வேகத்துல போகும், அப்புறம் குரூப்பிங், அதாவது ஷாட்டெல்லாம் ஒரே இடத்துல விழறது, எங்க இருந்து வரும்.

பெரிய கேலிபரே, அதாவது பெரிய குழல் அளவே, வேஸ்ட்னு நான் சொல்ல வரல. 1780 வாக்குல ஆஸ்திரிய ராணுவம் காத்துல சுடற ரைஃபிளை போருக்கே வச்சிருந்துச்சு, குண்டு 11 மில்லிமீட்டருக்கு மேல, காத்து துப்பாக்கியை பொம்மைன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். இன்னிக்கும் அமெரிக்காவுல 100 கெஜம் தூரத்துல பெஞ்ச்ல வச்சு ஆடுறவங்க பாயிண்ட் 30 மாதிரி பெரிய கேலிபர் எடுக்கிறாங்க, கனமான குண்டை காத்து அவ்வளவா தள்ளாது, அந்த தூரத்துக்கு அது நியாயம். அவங்க பிசிபி ரைஃபிள் (சிலிண்டர்ல முன்னாடியே காத்தை அழுத்தி அடைச்சு வச்சது), காத்தை ஒரே அளவா விடற ரெகுலேட்டர், ஒவ்வொரு பெல்லட்டையும் எடை போட்டுப் பிரிக்கிற பொறுமை, அது தனி உலகம். ஆனா ஃபீல்ட் டார்கெட்ல, 50 மீட்டர் வரைக்கும் போற ஆட்டம், சர்வதேச அளவுல பவர் 16.3 ஜூலுக்குள்ள இருக்கணும், அங்கயும் பெரும்பாலானவங்க கையில 4.5தான். ஏன்னா அதே 16 ஜூல்ல 4.5 பெல்லட் நொடிக்கு 240 மீட்டர் வாக்குல போகும், 5.5 பெல்லட் 185தான் வரும், மெதுவா போறது வழியில அதிகமா இறங்கும், தூரத்தை கொஞ்சம் தப்பா கணிச்சாலும் போச்சு.

பிசிபி வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. மேட்ச் ரைஃபிள்ல 200 பார் அழுத்தம், பெரிய கேலிபர்ல அதுக்கும் மேல காத்து அடைச்சிருக்கும், உங்க கார் டயர்ல இருக்கிறது ரெண்டு சொச்சம் பார். ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டர்ல இருந்து நிரப்பலாமான்னு ஒருத்தர் கேட்டாரு, கேட்டதுக்கே எனக்கு கை நடுங்குச்சு. கூடவே கூடாது, ஆக்சிஜனும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தா வெடிக்கும். சிலிண்டர்ல அடிச்சிருக்கிற தேதியையும் பாருங்க, மேட்ச் சிலிண்டருக்கு பொதுவா 10 வருஷம்தான் ஆயுசு.

இப்ப அந்த மூணாவது குடும்பம். மொட்டை மாடி, கைப்பிடி சுவர்ல கார்டை ஒட்டி வச்சு பாயிண்ட் 22ல சுட்டிருக்காங்க, பெல்லட் தீர்ந்து போச்சுன்னு சைக்கிள் கடையில இருந்து பால்ரஸ், அந்த சின்ன இரும்பு உருண்டை, வாங்கிப் போட்டிருக்காங்க. ஈயம் மெத்துன்னு இருக்கும், ஆனா இரும்பு சுவர்ல பட்டா ரப்பர் பந்து மாதிரி திரும்பி வரும். பின்னாடி நின்னு பார்த்துட்டு இருந்த சித்தப்பா பொண்ணு, எட்டு வயசு, வலது கண்ணு. மூணு ஆபரேஷன் ஆயிடுச்சு, வெளிச்சம் மட்டும் தெரியுதுன்னு போன வாரம் அவங்க அம்மா போன்ல சொன்னாங்க. சுட்ட பையன் ஸ்கூலுக்கே போகல. அவனும் குழந்தைதாங்க.

தயவு செஞ்சு கேளுங்க. பால்ரஸ் போடவே போடாதீங்க, பேரலும் போயிடும் கண்ணும் போயிடும். செங்கல் சுவர், கருங்கல், தென்னை மரம், தண்ணித் தொட்டி, எதுவும் டார்கெட்டுக்கு பின்னாடி இருக்கக் கூடாது, ஈய பெல்லட்டே கூட திரும்பி வரும். கனமான மரப்பெட்டியில பழைய துணியும் பேப்பரும் இறுக்கி அடைச்சு வைங்க, அடிக்கடி மாத்துங்க. சுடறவங்க, பக்கத்துல நிக்கறவங்க எல்லாருமே கண்ணாடி போடணும், ரேஞ்சுல நானே போடாம நிக்க மாட்டேன். பேரலை மடக்கி லோட் பண்றப்ப ஒரு கை பேரலை விடவே கூடாது, தேஞ்ச டிரிகர் நழுவினா பேரல் பட்டுன்னு மூடி விரலை நசுக்கிடும், முரட்டு ஸ்பிரிங்னா கேக்கவே வேணாம். பெல்லட்டை வாயில வச்சுக்கிட்டு லோட் பண்ற பழக்கத்தை இன்னியோட விடுங்க, அது ஈயம், சுட்டு முடிச்சா சோப்பு போட்டு கை கழுவிட்டு சாப்பிடுங்க. மயில், கொக்குன்னு சுடப் போனா 1972 வனவிலங்கு சட்டத்துல கேஸ், அதுல நான் யாருக்கும் பரிஞ்சு பேச வரமாட்டேன். கண்ணுல பட்டுடுச்சுன்னா தேய்க்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, உள்ள இருக்கிறதை எடுக்காதீங்க. கண்ணை அழுத்தாம மேல ஒரு பேப்பர் கப்பை கவுத்து டேப் ஒட்டி நேரா கண் ஆஸ்பத்திரிக்கு போங்க, வீட்ல உக்கார்ந்து காலையில பார்க்கலாம்னு இருக்காதீங்க.

பொள்ளாச்சிக்காரர் கடைசியா, "இதை வித்துடலாமாங்க சார்?"னு கேட்டாரு. லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு கொடுக்கறதும் குத்தம், முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க, அவரோட போய் ஸ்டேஷன்ல முறையா ஒப்படைங்கன்னு சொன்னேன். முகம் வாடிப் போச்சு, ஆனா மறுநாளே போன் பண்ணி வக்கீலைப் பார்த்துட்டேன்னு சொன்னாரு. பையன் சனிக்கிழமை காலை ஆறரைக்கு வந்துட்டான். ஒரு பெல்லட் கூட கொடுக்கல, காலி ரைஃபிளோட வெள்ளைச் சுவரைப் பார்த்து நிக்க வச்சேன். நாப்பது நிமிஷம் நின்னான், கை நடுங்குச்சு, கீழ வைக்கல.